நாடகப் பட்டப்படிப்பின் முதல் ஆண்டு: பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் நாடகக் கலைக்கான இளநிலைப் பட்டப் பாடத்திட்டத்தை வகுக்கும் குழுக்களின் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும், அதை நடைமுறைப்படுத்தும் துறைத் தலைவர்களுக்கும் வணக்கம்.

நான் நாடகத்தைப் பல்கலைக்கழகத்தில் படித்தவன். அதன் பிறகு 18 ஆண்டுகளாகக் கௌரவ விரிவுரையாளராகவும் பட்டறைப் பயிற்றுநராகவும் பல கல்லூரிகளில் வேலை பார்த்து வருகிறேன். பெரும்பாலும் எனக்கு வந்து சேர்ந்தது முதலாம் ஆண்டு வகுப்புதான். பள்ளியை விட்டு அப்போதுதான் வெளியே வந்த, வாழ்நாளில் ஒரு முழு நாடகத்தைக்கூட நேரில் பார்த்திராத, ஆனால் ஏதோ ஓர் ஆசையால் வீட்டாரின் எதிர்ப்பையும் மீறி இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்த பிள்ளைகளோடு இத்தனை ஆண்டுகள் இருந்ததனால், உங்களிடம் ஒரு வேண்டுகோளை வைக்கும் உரிமை எனக்கு உண்டு என்று நம்புகிறேன். முதல் ஆண்டைத் தாள்களின் தலைப்புகளிலிருந்து திட்டமிடாதீர்கள். கால அட்டவணையிலிருந்து திட்டமிடுங்கள்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு என் சொந்த அனுபவத்தையே முதலில் வைக்கிறேன். என் முதலாம் ஆண்டில் உடல் அசைவுக்கென ஒரு தாள் இருந்தது. அந்தப் பாடத்திட்டத்தை இன்று எடுத்துப் படித்தாலும் குறை சொல்லத் தோன்றாது. எழுதியவர் நாடகம் அறிந்தவர். ஆனால் அட்டவணையில் அது திங்கட்கிழமை இரண்டாம் மணி, புதன்கிழமை ஐந்தாம் மணி, வெள்ளிக்கிழமை முதல் மணி என்று சிதறிக் கிடந்தது. மணி அடித்ததும் ஒரு கட்டடத்திலிருந்து மற்றொரு கட்டடத்தின் மேல்மாடிக்கு ஓடி, உடை மாற்றி, பெஞ்சுகளை ஓரம் தள்ளித் தரையைப் பெருக்கி முடிப்பதற்குள் கால் மணி நேரம் போய்விடும். உடல் சூடேற இன்னொரு கால் மணி நேரம் வேண்டும். உண்மையான பயிற்சி தொடங்கிச் சிறிது நேரத்திலேயே அடுத்த வகுப்புக்கு மணி அடிக்கும். ஆகவே எங்கள் ஆசிரியர், வேறு வழியில்லாமல், உடலைச் சூடேற்றும் பகுதியைக் கைவிட்டார். சூடேறாத உடலோடு சிமென்ட் தரையில் குதித்துக் குதித்து, இரண்டாம் பருவம் முடிவதற்குள் என் வலது முழங்கால் கெட்டது. எங்கள் வகுப்பில் மேலும் சிலருக்குக் கணுக்காலிலும் கெண்டைக்காலிலும் வலி வந்தது. அந்த ஆசிரியரையோ பாடத்திட்டத்தையோ நான் இன்றும் குற்றம் சொல்லமாட்டேன். அட்டவணையை எழுதிய கைக்கு நாடகப் பயிற்சி என்பது என்னவென்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிச் சட்டகத்தைப் பின்பற்றும் இளநிலைப் படிப்புகளில் வாரத்துக்கு 30 மணி நேரம். ஆறு நாள் சுழற்சியில் நாளுக்கு 5 மணி நேரம். முதல் பருவத்தில் பகுதி ஒன்றின் தமிழுக்கு 6 மணி, பகுதி இரண்டின் ஆங்கிலத்துக்கு 6 மணி, இரண்டு முதன்மைத் தாள்களுக்கு 10 மணி, விருப்பத் தாளுக்கு 4 மணி, திறன் மேம்பாட்டுத் தாளுக்கு 2 மணி, அடிப்படைத் தாளுக்கு 2 மணி. மொழிகளுக்கான 12 மணியை எடுத்துவிட்டால் மீதம் 18. ஆறு நாளுக்கு அதைப் பகிர்ந்தால் நாளொன்றுக்குச் சரியாக 3 மணி. அதாவது, எந்த விதியையும் மீறாமல், எந்தக் கூடுதல் மணியையும் கேட்காமல், ஒவ்வொரு நாளும் காலையில் முதல் மூன்று மணி நேரத்தைத் துண்டுபடாமல் நாடகத் துறைக்கே தரமுடியும். கடைசி இரண்டு மணி நேரத்தில் மொழி வகுப்புகள் நடக்கலாம். இந்தக் கணக்கை நான் முதன்முதலில் தாளில் போட்டுப் பார்த்த நாளில், இத்தனை ஆண்டுகள் நாம் இழந்தது எவ்வளவு என்று எண்ணி மிகவும் வருந்தினேன்.

இதற்கு ஒரு தடை உண்டு; அதையும் மறைக்கவில்லை. மொழித் தாள்கள் பல துறை மாணவர்களுக்கும் ஒரே நேரத்தில் நடப்பதனால், அந்த நேரத்தைக் கல்லூரி முதல்வரோ பதிவாளர் அலுவலகமோதான் முடிவுசெய்கிறது. நாடகத் துறைத் தலைவர் ஒருவர் தனியாகக் கேட்டால் அது நடக்காது. பாடத்திட்டக் குழுவே தன் தீர்மானத்தில், முதலாம் ஆண்டு நாடக மாணவர்களின் மொழி வகுப்புகள் பிற்பகலிலேயே அமையவேண்டும் என்று ஒரு வரி எழுதினால் மட்டுமே நடக்கும். அந்த ஒரு வரியைத்தான் உங்களிடம் கேட்கிறேன். விருப்பத் தாளும் திறன் மேம்பாட்டுத் தாளும் அடிப்படைத் தாளும் வேறு துறைக்குப் போய்விடாமல், நாடகத்துக்குள்ளேயே இருக்கும்படி வடிவமைப்பதும் உங்கள் கையில்தான் உள்ளது.

அந்த மூன்று மணி நேரத்தில் என்ன நடக்கவேண்டும்? முதல் ஒன்றரை மணி நேரம் உடலுக்கு. மூட்டுகளைத் தளர்த்துவது, முதுகெலும்பை எழுப்புவது, எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றுவது, விழுவது, எழுவது, ஒருவர் எடையை இன்னொருவர் தாங்குவது. இவை எல்லாம் நாள்தோறும் ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வந்தால்தான் உடல் கற்றுக்கொள்ளும். பரதநாட்டியம் கற்பிப்பவர்கள் தட்டடவு என்னும் முதல் அடவை மூன்று வேகத்திலும் மாதக்கணக்கில் ஆடவைப்பதன் நியாயம் இதுவே. நாடகக்காரர்கள் மட்டும் ஏனோ வாரத்துக்கு ஒரு புதுப் பயிற்சி என்று தாவுகிறோம். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் வயதில் மன்னன் முன் ஆடியதாகச் சொல்கிறது. நமக்குக் கிடைப்பதோ மூன்றே ஆண்டு. அவற்றில் முதல் ஆண்டு உடலில் இறங்கவில்லை என்றால் மற்ற இரண்டும் வெறும் ஒத்திகையாகவே கழியும்.

தரையைப் பற்றி ஒரு சொல். பாடத்திட்ட ஆவணத்தில் தரை இடம்பெறுவதில்லை. தேவையான உள்கட்டமைப்பு என்ற பகுதியில் ஒலிபெருக்கியும் திரைக்காட்சிக் கருவியும் மட்டும் இருக்கும். சிமென்ட்டின் மேலோ பளிங்கின் மேலோ நேரடியாக அமையாமல், அடியில் சட்டமிட்டுச் சற்றே நெகிழும் மரத்தளம் ஒன்று, 30 பேர் கைகளை விரித்து நிற்கும் அளவில், துறை தொடங்கும் நாளிலேயே இருக்கவேண்டும். அதுவரை கெட்டியான விரிப்பாவது வேண்டும். ஆய்வகம் இல்லாமல் வேதியியல் துறையைத் தொடங்க எந்தக் குழுவும் ஒப்புதல் தருவதில்லை. நாடகத்தின் ஆய்வகம் தரைதான்.

அடுத்து குரல். நமது வகுப்பறைகளில் குரல் பயிற்சி என்றால் உரக்கக் கத்துவது என்று ஆகிவிட்டது. மூச்சை அடிவயிற்றுவரை இறக்கத் தெரியாத 18 வயதுப் பிள்ளையைத் தெருமுனையில் நிறுத்தி வீதி நாடகம் போடச் சொன்னால், மூன்றாவது நாளில் தொண்டை கட்டும். அதே பழக்கம் தொடர்ந்தால் குரல்நாணில் தடிப்பு விழும். முதல் பருவம் முழுவதும் மூச்சு, ஓய்வான தாடை, நாக்கு, உதடு, அதிர்வு என்று மெல்லவே போகட்டும். பிறகு ஒலிகள். ல, ள, ழ மூன்றையும், ர, ற இரண்டையும் பிரித்து ஒலிக்க இயலாத மாணவரைப் பலர் முன்னால் கேலி செய்வது எத்தனை வகுப்புகளில் நடக்கிறது என்பதை நான் பார்த்திருக்கிறேன். திருநெல்வேலியிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் கொங்குநாட்டிலிருந்தும் வரும் பிள்ளைகள், தங்கள் பேச்சு மேடைக்கு ஆகாது என்ற எண்ணத்தை முதல் மாதத்திலேயே பெற்றுவிட்டால், அதன் பிறகு அவர்கள் வாயிலிருந்து வருவது இரவல் குரல்தான். முதல் நாளில் ஒவ்வொருவரும் தங்கள் ஊர்ப் பேச்சில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லட்டும். அதை ஒலிப்பதிவு செய்து வைத்துக்கொள்ளட்டும். செந்தமிழ் உச்சரிப்பை அதற்கு மேல் சேர்க்கலாம். அதை அழித்துச் சேர்க்கவேண்டியதில்லை. இரண்டு குரலும் உள்ள நடிகரே தமிழ் அரங்கின் தேவை.

இங்கேதான் பிற்பகல் தமிழ் வகுப்பு முக்கியமாகிறது. வாரத்துக்கு 6 மணி நேரம் என்பது சிறிய அளவல்ல. பொதுத் தமிழின் பாடப்பகுதியை மாற்றமுடியாது என்றாலும், அதைக் கற்பிக்கும் தமிழ்த் துறை ஆசிரியரும் நாடக ஆசிரியரும் மாதம் ஒருமுறை அமர்ந்து பேசினால், அகவலையும் கலிப்பாவையும் வாய்விட்டுப் படிப்பது அந்த வகுப்பின் வேலையாகவும், அதே வரிகளை மறுநாள் காலையில் உடலோடு சேர்ப்பது இந்த வகுப்பின் வேலையாகவும் ஆகும். நான் ஒரு முறை செய்து பார்த்து நன்மை கண்ட பயிற்சி ஒன்றைச் சொல்கிறேன். அரங்கேற்று காதை, 24 விரல் அளவுள்ள கோலால் ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமுமாக அரங்கை அளக்கிறது. உள்ளே வரவும் வெளியே போகவும் இரண்டு வாயில்கள் சொல்கிறது. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூன்று திரைகளைச் சொல்கிறது. தூணின் நிழல் ஆடுபவர் மேலும் அவையின் மேலும் விழாதபடி விளக்கு வைக்கச் சொல்கிறது. பெருவிரல் அகலத்தை ஓர் அங்குலமாகக் கொண்டால் அந்த அரங்கு 14 அடிக்கு 16 அடி. மாணவர்கள் கயிற்றையும் சுண்ணாம்புப் பொடியையும் எடுத்து அதைத் திடலில் வரைந்து, அதற்குள் நின்று, மாலையில் ஒற்றை விளக்கை நான்கு பக்கமும் நகர்த்தி நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்தார்கள். தமிழும் மேடையமைப்பும் ஒளியமைப்பும் ஒரே மாலையில் அவர்களுக்குள் போயின. அதே நாளில் ஒரு மாணவி, பழைய உரையைத் தானே தேடிப் படிக்க நூலகத்துக்குப் போனாள். முதலாம் ஆண்டு மாணவர் ஒருவர் உரைநூலைத் தேடிப் போவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அரங்க வரலாற்றுத் தாள் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. முதல் அலகில் கிரேக்கம், இரண்டாம் அலகில் வடமொழி நாடகம், மூன்றாம் அலகில் இடைக்கால ஐரோப்பா. தமிழ் அரங்கு ஐந்தாம் அலகில், தேர்வு நெருங்கும் நாளில், இரண்டு வகுப்புகளில் முடிந்துவிடும். கிரேக்க அரங்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. அது நான் மிகவும் நேசிக்கும் பகுதி. ஆனால் முதல் ஆண்டில் வரலாறு, மாணவரின் சொந்த மாவட்டத்திலிருந்து புறப்படவேண்டும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர் சுடலைமாடன் கொடையில் மகுடம் என்னும் தோல்கருவி முழங்க நடக்கும் கணியான் கூத்தைப் பற்றி எழுதட்டும். மதுரைப் பக்கத்து மாணவர் சங்கரதாஸ் சுவாமிகளின் வழியில் இன்றும் கோயில் விழாக்களில் விடிய விடிய நடக்கும் இசை நாடகத்தைப் பார்க்கட்டும். தஞ்சைப் பக்கத்து மாணவருக்கு மெலட்டூரின் பாகவத மேளா இருக்கிறது. நான்குநேரிப் பக்கத்து மாணவருக்குத் திருக்குறுங்குடியின் கைசிக நாடகம் இருக்கிறது. சென்னையில் பிறந்து வளர்ந்தவர், 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபையிலிருந்து 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை வரை வரும் நகர அரங்கின் பாதையைத் தேடட்டும். முப்பது மாணவர்கள் கொண்டுவரும் இந்த முப்பது பக்கங்களே அவ்வகுப்பின் முதல் பாடநூல். அங்கிருந்து கிரேக்கத்துக்குப் போனால், ஒரு திருவிழாவில் ஊர் கூடி விடிந்ததிலிருந்து நாடகம் பார்த்தது என்பது அவர்களுக்கு அந்நியச் செய்தியாக இராது.

இரண்டாம் பருவத்தில் ஒரே ஒரு மரபு வடிவத்தை ஆழமாகக் கற்பிக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நான்கு வடிவங்களை நான்கு வாரப் பட்டறைகளில் காட்டுவதைவிட, தெருக்கூத்தைப் பதினைந்து வாரம் ஒரு வாத்தியாரிடம் கற்பது மேல். கூத்தில் பாட்டு, அடவு, கிர்க்கி என்னும் சுழன்றாட்டம், வசனம், பின்பாட்டு, வேடம் கட்டுதல் எல்லாம் ஒருவரே செய்யவேண்டியவை. திரைக்குப் பின்னே நின்று தன்னை அறிமுகம் செய்துகொண்டு வெளிவரும் வேடக்காரரும், கதைக்குள்ளும் வெளியிலும் மாறிமாறி நடமாடும் கட்டியக்காரனும், நடிப்பைப் பற்றி எந்த நூலும் சொல்லாத பலவற்றைச் சொல்லித்தருவார்கள். 1977, 1978 ஆண்டுகளில் காந்திகிராமத்தில் சே. இராமானுஜம் முன்னின்று நடத்திய நாடகப் பட்டறைகளுக்குப் பிறகு தமிழில் பல குழுக்கள் கூத்தின் பக்கம் திரும்பியது நீங்கள் அறிந்ததே. அந்தத் தலைமுறை தேடிப் போய்க் கற்றதை நாம் இன்று பாடமாக வைக்கமுடியும்.

ஆனால் இங்கும் நாட்காட்டி குறுக்கே நிற்கிறது. வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில்களின் பாரத விழா பங்குனி, சித்திரையில் தொடங்கி ஆடிவரை நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் துரியோதனன் வதத்தை நிகழ்த்தும் படுகளம். நமது இரட்டைப்படைப் பருவத்தின் தேர்வோ ஏப்ரல், மே மாதங்களில் வருகிறது. கூத்தைப் படிக்கும் மாணவர், கூத்து உண்மையில் நடக்கும் இரவுகளில் விடுதியில் அமர்ந்து கூத்தைப் பற்றிய ஐந்து மதிப்பெண் வினாவுக்கு விடை மனப்பாடம் செய்துகொண்டிருப்பார். தேர்வு முடிந்த கோடை விடுமுறையில் பத்து நாள் ஒரு ஜமாவோடு, அதாவது கூத்துக் குழுவோடு, தங்கி, பெட்டி தூக்கி, அரிதாரம் அரைத்து, விடியும்வரை பின்பாட்டுப் பாடி, பிறகு எழுதித் தரும் குறிப்பேட்டுக்கு இரண்டு மதிப்புப் புள்ளிகள் (கிரெடிட்) தரலாம். போக்குவரத்துச் செலவையும், மாணவிகளுக்குத் தங்குமிடத்தையும் துணைக்கு வரும் ஆசிரியையையும் பல்கலைக்கழகம் முன்கூட்டியே உறுதிசெய்யவேண்டும். அதைச் செய்யாமல் அனுப்பினால் மாணவிகளின் வீட்டில் அனுமதி கிடைக்காது. அந்த இழப்பு அவர்களுக்கு மட்டுமே ஆகும்.

கூத்து வாத்தியாரைப் பல்கலைக்கழகத்துக்குள் எப்படிக் கொண்டுவருவது என்று கேட்பீர்கள். பட்டமும், விரிவுரையாளர் பணிக்கான நெட் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் இல்லாத காரணத்தால், ஐம்பது ஆண்டு அனுபவமுள்ளவரை ஒரு நாள் சிறப்புரைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுகிறோம். இனி அந்தக் காரணம் செல்லாது. துறை அனுபவம் மிக்கவர்களை முறையான கல்வித் தகுதி இல்லாமலேயே பேராசிரியராக அமர்த்திக்கொள்ள பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. உள்ளூர்க் கலைஞர்களை நிறுவனங்களில் தங்கிக் கற்பிக்கச் செய்வதற்கான நெறிகள் 2023இல் வந்தன. வாத்தியாருக்கு ஒரு பருவம் முழுவதும் மதிப்பான ஊதியம், உதவிக்கு மிருதங்கமும் முகவீணையும் வாசிப்பவர்களுக்குத் தனி ஊதியம் என்று திட்டமதிப்பீட்டிலேயே எழுதுங்கள். மதிப்பெண் வழங்கும் அதிகாரமும் அவருக்கே இருக்கட்டும்.

மதிப்பீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அகமதிப்பீட்டுக்கு 25, பருவத் தேர்வுக்கு 75 என்ற முறை எழுத்துத் தாள்களுக்குப் பொருந்தலாம். பயிற்சித் தாளில், புறத்தேர்வாளர் ஒரே நாளில் வந்து 30 மாணவர்களை ஆளுக்கு ஐந்து நிமிடம் பார்த்து 75க்கு மதிப்பெண் போடுவது, பதினைந்து வார உழைப்பைப் பார்க்காமல் விடுவதாகும். பயிற்சித் தாள்களிலாவது அந்த விகிதத்தைத் திருப்பிப் போடுங்கள். மாணவர் நாள்தோறும் எழுதும் பயிற்சிக் குறிப்பேடு, சந்தையிலோ பேருந்து நிலையத்திலோ ஒரே மனிதரைப் பல நாள் கவனித்துச் செய்துகாட்டும் பயிற்சி, தரை பெருக்குவது முதல் விளக்குக் கட்டுவது வரையான பொறுப்புகள் எல்லாம் கணக்கில் வரட்டும்.

முதல் ஆண்டின் முடிவில் பெரிய நாடகம் ஒன்றை மேடையேற்றவேண்டும் என்று விதிக்காதீர்கள். அப்படி விதித்தால் ஜனவரியிலேயே வகுப்பு நின்றுபோய் ஒத்திகை தொடங்கிவிடும். ஏற்கெனவே துணிச்சலும் குரலும் உள்ள நான்கு பேர் முக்கிய வேடங்களைப் பெறுவார்கள். மற்றவர்கள் கூட்டமாக நிற்பார்கள். அதற்குப் பதிலாகக் காலை வகுப்பையே ஒரு நாள் பெற்றோருக்குத் திறந்துவையுங்கள். தன் மகள் விழுவதையும் எழுவதையும், மூச்சை அடக்கி ஒரு வரியைச் சொல்வதையும் நேரில் பார்த்த தகப்பனார் ஒருவர், அதுவரை உறவினர்களிடம் மகள் தமிழிலக்கியம் படிப்பதாகவே சொல்லிவந்தவர், அன்றைக்கு ஒத்திகைக் கூடத்தை விட்டு வெளியே வந்ததும் உறவினர் ஒருவருக்குத் தொலைபேசியில் மகள் நாடகம் படிக்கிறாள் என்று சொன்னதை நான் கேட்டிருக்கிறேன்.

கடைசியாக, தொடுதல். உடல் பயிற்சியில் ஆசிரியரின் கை மாணவரின் முதுகையோ தோளையோ தொடவேண்டி வரும். மாணவர்கள் ஒருவரையொருவர் தாங்கவேண்டி வரும். எங்கே, எதற்காக, கேட்டுவிட்டுத் தொடவேண்டும் என்பதையும், மறுப்பவருக்கு மாற்றுப் பயிற்சி உண்டு, மதிப்பெண் குறையாது என்பதையும் முதல் நாளிலேயே எழுத்தில் கொடுங்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த உள்ளகப் புகார்க் குழுவின் உறுப்பினர்கள் யார், அவர்களை எப்படி அணுகுவது என்பதும் அதே தாளில் இருக்கட்டும். குருபக்தி என்ற சொல்லைக் காட்டி இதைத் தள்ளிப்போடும் துறைகள் உண்டு. அப்படித் தள்ளிப்போட்ட இடங்களில் மாணவிகள் காரணம் சொல்லாமல் படிப்பை நிறுத்தியதை நான் அறிவேன். உடை மாற்றும் அறைக்குத் தாழ்ப்பாள் உண்டா என்று குழுவில் ஒருவர் நேரில் போய்ப் பார்ப்பதும் பாடத்திட்டப் பணியின் பகுதியே.

வரும் கல்வியாண்டுக்கான கால அட்டவணை வழக்கமாக ஜூன் மாதத்தில் அறிவிப்புப் பலகைக்கு வருகிறது. அதற்கு முன் கூடவிருக்கும் உங்கள் கூட்டத்தில், மேலே சொன்ன 18 மணி நேரக் கணக்கை ஒரு பொருளாக எடுத்து விவாதிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நாளுக்கு நாள், மணிக்கு மணி எழுதிய மாதிரி அட்டவணை ஒன்றும், முதல் பருவத்தின் பதினைந்து வாரத்துக்கான காலைப் பயிற்சி வரிசையும் என்னிடம் இருக்கின்றன. எந்தக் குழு கேட்டாலும் நேரில் வந்து விளக்கவும், மாணவர்களோடு ஒரு வாரம் நடத்திக் காட்டவும் அணியமாக உள்ளேன்.

தங்கள் உண்மையுள்ள,
முதலாம் ஆண்டு நாடக மாணவர்களின் ஆசிரியர் ஒருவர்